காப்பு வாரத்து முட்டை

எங்கள் ஊர் பால்வாடிக்கு நேர் எதிரே என் பெட்டிக்கடை. சுவரில் அங்கன்வாடி மையம் என்று எழுதியிருக்கிறது. எழுதினவர்கள் எழுதிவிட்டுப் போகட்டும், எங்கள் வாயில் அது பால்வாடிதான். அதை நடத்துகிற அத்தாயியும் நானும் ஒரே வயது. ஒரே வருஷம் வயசுக்கு வந்தோம், ஒரே மாசியில் கல்யாணம். அவள் பத்தாவது வரை படித்தாள். நான் படிக்கவில்லை. அதனால் அவள் டீச்சர், நான் கடைக்காரி. இரண்டு பேரில் யார் தப்பித்தது என்று கேட்டால் நான்தான் என்பேன்.

காலையில் நான் கடைப் பலகையை எடுக்கும்போதே அவள் வந்துவிடுவாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு குடம், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று படி ஏறுவாள். ஏறி முடித்ததும் கதவில் ஒரு கையை ஊன்றி அப்படியே நிற்பாள். மூச்சு வாங்குகிறாள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கிட்டப்போய்ப் பார்த்தால் நின்றபடியே கண்ணயர்ந்திருந்தாள்.

ராமாயி என்று ஓர் உதவியாளர் இருந்தாள். சமைப்பது, கூட்டுவது, குழந்தைகளுக்குக் கால் கழுவி விடுவது எல்லாம் அவள் பாடு. அவள் ஓய்வுபெற்றுப் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவே இல்லை. "போடுவாங்க, போடுவாங்க" என்று அத்தாயி வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதுவரை சோறாக்குவதும் அவள்தான், ஒன்றுக்குப் போன பிள்ளைக்கு டவுசர் மாற்றுவதும் அவள்தான். இதற்கு நடுவில் பாடமும் உண்டு. பச்சை, சிவப்பு, கறுப்பு என்று நிறம் சொல்லிக்கொடுக்க மிளகைத்தான் வைத்துக்கொள்வாள். கொடியில் இருந்து பறித்தது பச்சை, பழுத்தது சிவப்பு, காய்ந்தது கறுப்பு. பலாக்கொட்டையைக் குவித்து எண்ணச் சொல்வாள். பிள்ளைகள் எண்ணிவிட்டு வாயில் போட்டுக்கொள்ளும், அவள் ஓடிப்போய் விரலை விட்டு எடுப்பாள். கர்ப்பிணிகளை எடை பார்ப்பதும், வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வளவு வளவாக, வீடு வீடாக அலைவதும், செல்போனில் பிள்ளைகளின் முகத்தைப் பிடித்து ஏற்றுவதற்காக டவர் கிடைக்கிற பாறைமேல் போய் நிற்பதும் இதிலேயே அடக்கம்.

"பிள்ளைங்களோட விளையாடிட்டுச் சம்பளம் வாங்கறா" என்று என் கடையில் பீடி பற்றவைத்தபடி சொல்கிறவர்கள் உண்டு. அவர்களை ஒரே ஒரு முற்பகல் அந்த அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடவேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. இன்னொரு பேச்சும் உண்டு. பால்வாடி முட்டை ராத்திரியோடு ராத்திரியாக என் கடைக்கு வந்துவிடுகிறதாம். அதைச் சொன்ன பூபதிக்கு நான் இன்றுவரை கடன் கொடுப்பதில்லை.

போன மாசி கடைசியில் மலைமேல் ஆபீசில் கூட்டம் என்று போய்விட்டு வந்தவள், பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் கடைக் கல்லில் உட்கார்ந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"நம்ம பால்வாடியைக் கீழூரோட சேத்தறாங்களாம் கண்ணாயி."

"எதுக்கு?"

"பிள்ளைங்க கம்மியாம். புதுசா ஒரு சூப்பர்வைசர் மேடம் வந்திருக்காங்க, நஜிமான்னு. அடிவாரத்துக்காரங்க. வர்ற மாசத்துல ஒருநாள் நேர்ல வந்து பாப்பாங்களாம். எந்த நாளுன்னு சொல்ல மாட்டாங்களாம். நெறையப் பிள்ளைங்க இருந்தா இங்கயே இருக்கும். இல்லீன்னா பங்குனியோட சரி."

கீழூர் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்தான். ஆனால் சரிவில் இறங்கி, இரண்டு ஓடை தாண்டி, மறுபடி ஏறவேண்டும். ஐப்பசி மழையில் பெரியவர்களே கயிறு பிடித்துத்தான் தாண்டுவார்கள். இரண்டு வயசுப் பிள்ளை அங்கே எப்படிப் போகும் என்று அந்த ஆபீசில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். காகிதத்தில் பார்த்தால் ஊரும் ஊரும் ஒட்டித்தானே இருக்கும்.

பால்வாடி போய்விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் யமுனாவை எனக்குத் தெரியும். யமுனா மிளகுத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவள், புருஷன் இல்லை. மகளுக்குப் பால்வாடி வயசு வரும் முன்னால், அவளையும் தோட்டத்துக்குத் தூக்கிப்போவாள். ஏணியில் ஏறி மிளகு பறிக்கும்போது பிள்ளை சரிவில் உருண்டுவிடாமல் இருக்க, பழைய சேலையை அதன் இடுப்பில் கட்டி மறுமுனையை சில்வர் ஓக் மரத்தில் கட்டி வைப்பாள். கன்றுக்குட்டியைக் கட்டுகிற மாதிரி. அந்தப் பிள்ளை ஒரு வருஷம் அந்தக் கயிறு எட்டுகிற தூரத்துக்குள்தான் வளர்ந்தது. பால்வாடிக்கு வந்த முதல்நாள், அறையின் நடுவில் நின்றுகொண்டு, நடக்கலாமா என்று அத்தாயியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாம். அத்தாயி இதை என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

"வர்ற மாசமா வாராங்க? பங்குனி நோம்பி வருதே" என்றேன்.

"அதைத்தான் நானும் பஸ்ஸுல நெனச்சுட்டே வந்தேன்."

மாரியம்மன் திருவிழாவைத்தான் நோம்பி என்போம். அதற்குக் காப்புக் கட்டிவிட்டால், அவிழ்க்கிற வரைக்கும் எங்கள் ஊர் எல்லைக்குள் கவுச்சி வேகக்கூடாது. முட்டையும் கவுச்சிதான். மிளகாய் வறுக்கக்கூடாது, எண்ணெய் தாளிக்கக்கூடாது. ராத்திரி வெளியூரில் தங்கக்கூடாது என்பதால் தூரத்துத் தோட்ட வேலைக்கும் யாரும் போகமாட்டார்கள். எல்லாரும் ஊரிலேயே இருக்கிறபோது பிள்ளையைப் பால்வாடிக்கு யார் அனுப்புவார்கள்? வருஷம் முழுக்க நிறைந்திருக்கிற அந்த அறை, அந்த வாரம் மட்டும் காலியாகக் கிடக்கும். அந்த வாரத்து முட்டைகளை அத்தாயி பத்திரமாக எடுத்துவைத்து, காப்பு அவிழ்த்த பிறகு கொடுத்துவிடுவாள். இதுவரை அப்படித்தான் நடந்தது.

பாறைமேல் ஏறி நின்று அவள் மேடத்துக்குப் போன் செய்தாள். துணைக்கு நானும் போயிருந்தேன். ஸ்பீக்கரில் குழந்தை அழுகிற சத்தமும் சேர்ந்து கேட்டது.

"காப்புக் கட்டினா முட்டை வேக வெக்க மாட்டோமுங்க மேடம். நோம்பி முடிஞ்சதும் சேத்துக் குடுத்தர்றேனுங்க."

"அரசாங்கத்துக்குக் காப்பு கிடையாதும்மா. போன மாசம் ஒரு சென்டர்ல முட்டையைக் கடைக்கு வித்துட்டாங்க. அந்தந்த நாள் முட்டை அந்தந்த நாளே போயிடணும். மிச்சம் இருந்தா நான் பதில் சொல்ல முடியாது."

அத்தாயி போனை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முட்டை வேகவைத்தால் ஊர் பிள்ளைகளை அனுப்பாது. வேகவைக்காவிட்டால் திருடி என்று பெயர். பிள்ளை வராவிட்டால் பால்வாடியே இல்லை. "எனக்கு ஒரு வாரம் தூங்கோணும் போல இருக்குது கண்ணாயி" என்றாள்.

ஆனால் தூங்கவில்லை. அன்று சாயங்காலமே வீடு வீடாக ஏறி இறங்கினாள். யமுனாவின் வீட்டு வாசலில் நானும் நின்றேன்.

"நோம்பிக்கு நானே ஊட்லதான இருக்கறேன் டீச்சரக்கா. பாப்பா என்கூட இருக்கட்டுமுங்க. அவகூட இருக்க எனக்கும் வேற நாளு ஏதுங்க?"

"இந்த ஒரு வாரம் அனுப்பிச்சுடு கண்ணு. இல்லீன்னா வருசம் பூரா உன்கூடத்தான் இருப்பா. மரத்துல கட்டிப் போட்டுக்கலாம்."

யமுனாவின் முகம் செத்துப்போயிற்று. அத்தாயி இப்படிச் சுள்ளென்று பேசி நான் கேட்டதில்லை. களைப்பு மனுஷியை அப்படிப் பேசவைக்கும்.

"அனுப்பறேனுங்க" என்றாள் யமுனா. "ஆனா முட்டை?"

எல்லா வீட்டிலும் கடைசியில் அந்தக் கேள்விதான் வந்தது. அதற்குப் பதில் கேட்டு அவள் பூசாரி அப்பாசாமியிடம் போனாள். அவர் கோயில் வாசலில் கம்பத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

"ஊருக்குள்ள கவுச்சி வேகக்கூடாதும்மா அத்தாயி. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"எல்லைக்கு அந்தப் பக்கமுங்க?"

அப்பாசாமி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "எல்லைக்கு அந்தப் பக்கம் நடக்கறது ஆத்தாளுக்கு எதுக்கு? வரும்போது ஓடையில காலை நனைச்சு, வாயைக் கொப்புளிச்சுட்டு வரட்டும். பச்சைக் குழந்தைங்கதான."

எல்லைக் கல்லுக்கும் ஓடைக்கும் அப்பால் அத்தாயிக்குக் கொஞ்சம் மரவள்ளிக் காடு உண்டு. நடுவில் ஒரு கொட்டாய். அங்கேதான் முட்டை வெந்தது. அவள் புருஷன் அர்த்தனாரி அதிகம் பேசாத மனுஷன். விறகையும் பாத்திரத்தையும் முன்னாலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார். வாரத்தில் சில நாள்தான் முட்டை. அந்த முட்டை நாளில் அத்தாயி பழைய சேலையை முறுக்கிக் கயிறாக்கி, ஆளுக்கொரு முடிச்சைப் பிடிக்கச் சொல்லி, பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு போவாள். ரொம்பச் சின்னது அவள் இடுப்பில். பால்வாடியில் மளிகைச் சாமான் இருப்பதால் கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொள்வாள். முதல் தடவை நல்லபடியாக நடந்தது. பிள்ளைகளுக்கு அது ஒரு திருவிழா. அவளுக்கு அன்று ராத்திரி முழங்கால் பானை மாதிரி வீங்கிவிட்டது.

"பூட்டிட்டுப் போறியே, மேடம் வந்தா?" என்று கேட்டேன்.

"வந்தா வரட்டும். உள்ள ஒக்காந்திருக்க எனக்கென்ன ரெண்டு ஒடம்பா?"

இரண்டாவது முட்டை நாளில் மேடம் வந்தாள். பத்து மணி பஸ்ஸில் இறங்கியவளைப் பார்த்ததும், இவள்தான் மேடம் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. சின்ன வயசு. தலையில் முக்காடு, தோளில் ஆபீஸ் பை, இடுப்பில் ஒரு பையன். பையன் பாதித் தூக்கத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தான். நேராகப் பால்வாடிப் படி ஏறினாள், பூட்டை இழுத்துப் பார்த்தாள், செல்போனை எடுத்துப் பூட்டைப் படம் பிடித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏனுங்க, பூட்டை நல்லாப் புடிச்சாச்சுங்களா?" என்றேன்.

"இது வேலை நேரம்தானேங்க? பூட்டின சென்டரை நான் என்னன்னு எழுதறது?"

"ஒண்ணும் எழுதாதீங்க. முதல்ல எங்கூட வாங்க."

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு நடந்தேன். வழியில் காப்பு, கவுச்சி, எல்லை எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு விடாமல் திட்டினேன் என்பதுதான் சரி. அவள் செருப்பு சரிவில் வழுக்கியது, பையனை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டே வந்தாள். நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன், அவன் வீரிட்டான்.

"ஊட்ல பாத்துக்க ஆளில்லீங்களா?"

"மாமியார் பாத்துக்கிட்டாங்க. போன மாசம் மவுத்தாயிட்டாங்க. இவங்கப்பாவுக்குக் கடை இருக்கு. ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போனா முகத்தைச் சுளிக்கிறாங்க." கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினாள். "இன்னைக்கு இவன் காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிடல."

என் கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிப்போயிற்று. ஊர்ப் பிள்ளைகளைக் கவனிக்கவென்றே ஓர் ஆபீஸ். அந்த ஆபீசில் வேலை பார்க்கிறவள் பிள்ளையை வைக்க ஓர் இடம் இல்லை. யாரைத் திட்டுவது என்று எனக்கே தெரியவில்லை.

கொட்டாயில் பிள்ளைகள் சாக்கின்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. யமுனாவின் மகள்தான் முதலில். அத்தாயி இருக்கிறதிலேயே சின்னதை மடியில் வைத்துக்கொண்டு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கரி. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். ஒரு கையைத் தரையில் ஊன்றினாள், பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிக்க முடியலீங்க மேடம். மன்னிச்சுக்கங்க."

"டீச்சர், சென்டரைப் பூட்டிட்டு இவ்வளவு தூரம்..." என்று நஜிமா ஆரம்பித்தாள்.

"ஆமாங்க, பூட்டிட்டுத்தான் வந்தேன்." அத்தாயியின் குரல் உயரவில்லை. அவ்வளவு தெம்பு அவளிடம் இல்லை. "முட்டையும் குடுக்கோணும், பிள்ளைங்களும் வரோணும், ஊர்க் கட்டும் தவறக்கூடாது. எல்லாத்தையும் ஒருத்தியே பண்ணச் சொன்னீங்க, பண்ணீட்டேன். பொய்யா எழுதி வெச்சுட்டு ஊட்ல படுத்திருக்கலாமுங்க. எனக்கு அது வரலீங்க. மூடறதுன்னா மூடிக்கங்க மேடம். ஆனா இதுங்களை எங்கொண்டி விடறதுன்னு நீங்களே சொல்லிட்டுப் போங்க."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பையன் நஜிமாவின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினான். நேராகப் போய் வரிசையின் கடைசியில், சாக்கில் உட்கார்ந்துகொண்டான். அத்தாயி பேச்சை நிறுத்தவில்லை. கையிலிருந்த முட்டையைப் பிட்டு, ஊதி, மஞ்சள்கருவைச் சோற்றோடு பிசைந்து, "ஆ சாமி" என்று அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் வாங்கிக்கொண்டான். இன்னொரு வாய்க்கும் வாயைத் திறந்தான்.

நஜிமா கொட்டாய்க் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஏதாவது கேட்பாள், எழுதுவாள் என்று நான் காத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் தூங்கிப்போயிருந்தாள். பை மடியில், வாய் லேசாகத் திறந்தபடி. விசாரிக்க வந்த ஆபீசர் மரவள்ளிக் காட்டில் தூங்குகிற வேடிக்கையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எழுப்பக் கை நீட்டினேன்.

"விடு கண்ணாயி" என்றாள் அத்தாயி மெதுவாக. "சித்த நேரம் தூங்கட்டும். எந்தக் காலத்துல தூங்குச்சோ."

பிள்ளைகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. பையன் அத்தாயியின் தொடையைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். வெகுநேரம் கழித்துத் திடுக்கிட்டு விழித்த நஜிமா, அவனைத்தான் முதலில் தேடினாள். பிறகு எங்களை நிமிர்ந்து பார்க்க முடியாமல் செல்போனை எடுத்து, பூட்டுப் படத்தை அழித்தாள். திரும்பும்போது ஓடையில் பிள்ளைகள் கால் நனைத்து வாய் கொப்புளித்தன. அவளும் ஒன்றும் கேட்காமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மகனுக்கு வாய் துடைத்துவிட்டு, தண்ணீரில் இறங்கினாள்.

நோம்பி முடிந்தது. காப்பு அவிழ்த்தார்கள். யமுனா மறுபடி மிளகுத் தோட்டத்துக்குப் போனாள். எங்கள் பால்வாடியை இப்போதைக்குக் கீழூரோடு சேர்ப்பதில்லை என்று தகவல் வந்தது. "இப்போதைக்கு" என்பதை அத்தாயி இரண்டு தடவை சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஆனால் சந்தோஷப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. உதவியாளருக்கு எழுதியிருப்பதாக நஜிமா சொன்னாளாம். எழுதியிருப்பாள், நான் நம்புகிறேன். எழுதினதைப் படிக்கிறவர்களைத்தான் நான் நம்புவதில்லை.

அடுத்த திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நஜிமா வந்து இறங்கினாள். இடுப்பில் பையன், கையில் அவனுக்கு மாற்று டவுசர் வைத்த பை. படிக்குக் கீழேயே தயங்கி நின்றாள்.

"அக்கா... மலைமேல வேலை இருக்கிற நாள்ல மட்டும் ஷாஹுலை இங்க விட்டுட்டுப் போகட்டுமா? இங்க இவன் பேரைச் சேர்க்கிறதுக்கு வழியில்ல, எனக்குத் தெரியும். நான் அடிவாரத்துக்காரி. கேட்கக்கூடாதுதான்."

அத்தாயி கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள். முடியாது என்று சொல், சொல் என்று நான் கண்ணாலேயே கத்தினேன்.

"உட்டுட்டுப் போங்க கண்ணு" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடைப் பலகையைக் காலில் போட்டுக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்து, இவள் செய்கிறதும் ஒரு வேலை என்று மேலே ஒருத்திக்குப் புரிந்திருக்கிறது. புரிந்ததும் அவள் கொண்டுவந்தது இன்னொரு பிள்ளையை.

அன்று சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளும் போன பிறகும் பஸ் வரவில்லை. அத்தாயி படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஷாஹுல் தூங்கிக்கொண்டிருந்தான். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"முடியாதுன்னு சொன்னா என்ன?"

"அது வேலைக்குப் போவோணுமில்ல."

"அப்ப நீ?"

"நானும் வேலைலதான இருக்கறேன்" என்றாள், டீயை ஊதிக்கொண்டே.

பஸ் வந்தது. நஜிமா ஓடிவந்தாள். "மெதுவா எடுங்க, காலு மரத்துப்போச்சு" என்றாள் அத்தாயி. தாயும் மகனும் போன பிறகு வெகுநேரம் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைப் பூட்டிவிட்டு, நொண்டிக்கொண்டு என் கடைக்கு வந்தாள்.

"நாளைக்கும் வாராங்களாம். நாளைக்கு முட்டை நாள் கண்ணாயி. பையன் பேரு கணக்குல இல்ல. இருக்கறது நம்ம பிள்ளைங்களுக்குத்தான் சரியா வரும். ஒரு முட்டை குடு."

நல்லதாக ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தேன். முந்தானையில் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பால்வாடி முட்டை கடைக்கு வருகிறது என்று சொன்னவர்கள் ஒருத்தரும் அப்போது அங்கே இல்லை.